வலப்பக்கம் நான்கு

கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில்
ஜீப்பின் பின்கதவு திறந்ததும்
பதினொரு பெண்கள் இறங்கி வழிவிட்டார்கள்.
இறங்காத பன்னிரண்டாவது ஆள் ஒச்சம்மாள்,
வயது நாற்பத்தேழு, மடியில் தூக்குவாளி.
"வாயுதான் தம்பி, ஒரு சோடா குடிச்சா கேட்டுரும்."
தாடையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.
மார்கழிக் குளிரில்
ரவிக்கை நனைய வேர்த்திருந்தது.

விரலில் கிளிப்பை மாட்டினேன்.
எண் வரவில்லை, கோடு மட்டும்.
அடுத்த விரல். அதற்கடுத்தது.
ஏலக்காய் பறித்துப் பறித்துக்
கறையேறிய பத்து விரலிலும்
அந்தச் சிவப்பு வெளிச்சம் நுழைய
இண்டு இடுக்கில்லை.
காதுமடலில் மாட்டினேன்.
தோடு அடகில் இருந்தது, வசதியாய்ப் போயிற்று.
தொண்ணூற்றொன்று.

மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக் தாளைப்
பதினொரு பேரும் சுற்றிப் பிடித்து நிற்க
உள்ளே நெஞ்சில் ஒட்டிகளை ஒட்டினேன்.
இயந்திரம் தாளை நீட்டியது.
கீழே அதன் கருத்து: பார்டர்லைன்.
அது எனக்கே தெரியும்,
தடுப்புக் கம்பிக்கு ஆறடி தள்ளித்தான்
நின்றுகொண்டிருக்கிறேன்.

படமெடுத்துத் தேனிக்கு அனுப்பினேன்.
டாக்டர் நஸீமா, இதயப் பிரிவு.
முகம் பார்த்ததில்லை.
பச்சைப் புள்ளியாகத்தான் பழக்கம்.
ஒற்றை டிக்.
போன் அதிர்ந்தது, பாய்ந்து எடுத்தேன்:
கேரளத்துக்கு நல்வரவு, மலையாளத்தில்.

சன்னாசி வண்டியை இறக்கினான்.
பெண்கள் ஜீப்பில் ஏறி மேலே போனார்கள்.
ஒரு நாள் கூலி, அவர்களைச் சொல்லி என்ன.

மூன்றாவது வளைவு, ஒற்றை டிக்.
நான்காவது வளைவில் ஒச்சம்மாள்
சோடா பேச்சை விட்டாள்.
"தம்பி, நெஞ்சுல ஆட்டுக்கல்ல வச்சாப்ல இருக்கு."
ரத்த அழுத்தம் நூற்றிரண்டு.
படித்த பாடப்படி
நாக்கடியில் வைக்கும் மாத்திரையைப் பிதுக்கினேன்.
"வாயத் திறங்கக்கா, நாக்கத் தூக்குங்க."
திறந்தாள், தூக்கினாள்.
வெற்றிலைச் சிவப்பு.

ஏழாவது வளைவில் சிக்னல் வந்தது,
மூன்று செய்தி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து.

கீழறையில் அடைப்பு போல. வலப்பக்கம் V4 எடுங்கள்.
எடுத்தாச்சா?
நாக்கடி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

கடைசிச் செய்தி நான்கு நிமிடம் பழையது.
நான்கு நிமிடமாக அது
எந்த டவருக்கும் எந்த டவருக்கும் நடுவில்
அலைந்ததோ.
"வாய மூடிக்கங்க," என்றேன்.
ஏன் திறக்கச் சொன்னேன், ஏன் மூடச் சொன்னேன்
எதுவும் அவள் கேட்கவில்லை.
அந்த நம்பிக்கைதான் எனக்குக் கை நடுங்கியது.

வண்டி ஓடினால் கோடு ஆடும்.
வளைவிலேயே நிறுத்தினான் சன்னாசி.
பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை எடுக்கவில்லை.
இடது முலைக்குக் கீழிருந்த ஒட்டியைப் பிரித்து
வலது பக்கம் ஒட்டினேன்.
கோடு ஏறியது.
ஒரு மில்லிமீட்டர், எறும்பின் தலையளவு.
அதற்குள் இருந்தது
வலது அறையின் தள்ளாட்டம் முழுவதும்.
மாத்திரை போயிருந்தால் அழுத்தம்
அங்கிருந்து அடிவாரத்துக்கு
எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

அனுப்பினேன். இரண்டு டிக். நீலம்.
"சலைன் வேகமாக. லேப் திறந்தாச்சு. வாங்க."

தேனியில் ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொண்ட நாலைந்து பேரும்
முகக்கவசம் போட்டிருந்தார்கள்.
அதில் எது நஸீமா என்று தெரியவில்லை.
கதவு மூடுமுன் ஒச்சம்மாள் கேட்டாள்:
"தம்பி, என் வாளி?"

சாயங்காலம் செக்போஸ்ட்டில் ஜீப் நின்றது.
பதினொரு பேரும் இறங்கவில்லை, எட்டிப் பார்த்தார்கள்.
பிழைத்துக்கொண்டாள் என்றேன்.
முன்சீட்டுக்காரி தலையாட்டினாள்.
"நாளைக்கு அவ எடத்துக்கு வேற ஆள் ஏத்தணும்,"
என்றாள் டிரைவரிடம்.
பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்,
வெகுநேரம்.

ராத்திரி சட்டையை ஊறப்போடும்போது
பைக்குள் விரலில் பிசுபிசுத்தது
அந்த மாத்திரை.
என் வேர்வையில்
பாதி கரைந்திருந்தது.